கஞ்சி உள்ளே போகிறது, உடம்பு ஏன் தேறவில்லை?

தலையில் அடிபட்டு வீடு திரும்பியவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பதில் இருக்கிற சந்தேகங்களை எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்துதான். ஓசூரில் நுழைகிற 44-ஆம் நெடுஞ்சாலை தொப்பூர் கணவாய் இறங்கும் வரை இந்த இரண்டு மாவட்டங்களையும் கிழித்துக்கொண்டுதான் போகிறது, ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துவிட்டு வண்டி ஓட்டுகிற ஆட்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. நானும் இந்த ஊர்க்காரிதான், அதனால் கொஞ்சம் உரிமையாகவே பேசுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 38 வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் பைக்கில் விழுந்து தலையில் ஆபரேஷன். இப்போது வீட்டில் இருக்கிறார், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், ஆனால் சாப்பாடு மூக்குக் குழாய் வழியாகத்தான். தினமும் ஆறு வேளை ராகிக் கஞ்சி, இரண்டு இளநீர், ஒரு வேளைகூடத் தவறியதில்லை. விபத்துக்கு முன்னால் 62 கிலோ இருந்தவர் இப்போது 49. நல்லாத்தானே கொடுக்கிறேன், ஏன் இப்படி உருகிப்போகிறார்?
– வாசகி, பென்னாகரம்

பதில்: உங்கள் கவனிப்பில் குறை இல்லை அம்மா, கணக்கில்தான் இடிக்கிறது. போட்டுப் பார்த்துவிடுவோம்.

குழாயில் அடைக்காமல் இறங்க வேண்டும் என்று கஞ்சியைத் தண்ணியாகக் கரைப்பீர்கள். ஒரு டம்ளருக்கு 30 கிராம் மாவு என்று வைத்துக்கொண்டால் ஆறு வேளைக்கு 180 கிராம். அதில் கிடைப்பது சுமார் 580 கலோரி, புரதம் 13 கிராம். இளநீர் இரண்டும் சேர்ந்து ஒரு நூறு கலோரி. மொத்தமே 700-ஐத் தாண்டவில்லை. அவருக்கு வேண்டியதோ கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். பழைய 62 கிலோவை வைத்துப் போட்டால் 1,550-லிருந்து 1,850 கலோரி வரை, புரதம் 75-லிருந்து 90 கிராம் வரை வருகிறது. பாதிக்கும் கீழே சாப்பிட்டுக்கொண்டு மூன்று மாதமாக மல்லுக்கட்டியிருக்கிறார் மனிதர்.

சும்மா படுத்திருக்கிறவருக்கு இவ்வளவு எதற்கு என்று உங்கள் வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். தலையில் பலத்த அடி விழுந்தால் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் எகிறிவிடும், அசையாமல் கிடக்கிற உடம்பே ஓடுகிற உடம்பு மாதிரி எரித்துத் தள்ளும். காய்ச்சல் வந்தாலும், கை கால் விறைத்து இறுகினாலும், பிட்ஸ் வந்தாலும் செலவு இன்னும் ஏறும். வெளியிலிருந்து வராததை உடம்பு தன் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 2016-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலில், பலத்த தலைக்காயம் பட்டவருக்கு அடிபட்ட 5-ஆம் நாளுக்குள், மிஞ்சிப்போனால் 7-ஆம் நாளுக்குள், அடிப்படைத் தேவைக்கான கலோரி முழுதும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐ.சி.யு.வில் இதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் 'கஞ்சி கொடுங்க' என்ற இரண்டு வார்த்தையோடு அனுப்பிவிடுகிறார்கள், என்ன கஞ்சி, எவ்வளவு என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எனக்கு இதில் ரொம்ப நாளாகவே கோபம் உண்டு.

சரி, என்ன செய்யலாம்? ஒரு நாள் முழுவதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள்: பசும்பால் ஒரு லிட்டர், வேகவைத்த முட்டை மூன்று, துவரம்பருப்பு அல்லது பாசிப்பருப்பு 75 கிராம் (வேகவைப்பதற்கு முந்தைய எடை), முளைகட்டிய ராகி மாவு 100 கிராம், கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 30 கிராம், எண்ணெய் மூன்று டீஸ்பூன். இவ்வளவும் சேர்ந்தால் சுமார் 1,700 கலோரி, 83 கிராம் புரதம். பருப்பைக் குழைய வேகவைத்து, முட்டையையும் சேர்த்து மிக்ஸியில் நைசாக அரைத்து, பாலில் காய்ச்சிய ராகிக் கஞ்சியோடு கலந்து, கட்டாயம் வடிகட்டி, 250 மில்லி வீதம் ஆறேழு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றவே கூடாது, கிருமி பயம் மட்டுமில்லை, பச்சை முட்டையின் புரதம் சரியாகச் செரிப்பதும் இல்லை.

முளைகட்டிய ராகி என்று குறிப்பாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ராகி முளைவிடும்போது அதில் மாவுச்சத்தை உடைக்கிற ஒரு நொதி உருவாகும். சாதா ராகி மாவை இரண்டு ஸ்பூன் போட்டாலே கஞ்சி பசை மாதிரி ஆகிவிடும், முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவை அதைவிட நிறையவே போட்டாலும் நீர்க்கவே இருக்கும், குழாயில் தடங்கலில்லாமல் இறங்கும். நம் பாட்டிகள் கைக்குழந்தைக்கு ராகியை முளைகட்டிப் பால் எடுத்துக் காய்ச்சினார்களே, அந்த வேலைதான்.

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: நாளைக்கே 1,700-க்குத் தாவிவிடாதீர்கள். 13 கிலோ இளைத்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் சடாரென்று இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். பட்டினியிலிருந்து மீள்கிறவர்களுக்கு இது தெரிந்த ஆபத்து. மருத்துவரிடம் காட்டி, இந்த உப்புகளையும் சிறுநீரகத்தையும் பார்க்கிற ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அவர் சொல்கிறபடி ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மேலே சொன்ன அளவே மாறும்.

குழாய் பற்றி. ஊட்டும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், முதுகோடு சேர்த்து உயர்த்துங்கள். முடிந்தபின் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் காய்ச்சி ஆறிய தண்ணீர் 30 மில்லி விட்டுக் குழாயை அலசுங்கள். மூக்கு நுனியில் குழாயில் எந்த எண் தெரிகிறது என்று பேனாவில் குறித்து வையுங்கள், அந்த எண் வெளியே வந்திருந்தால் குழாய் நகர்ந்திருக்கிறது, அன்றைக்கு எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கரைத்தது வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள், நம் ஊர் வெயிலில் அதுவே அதிகம். அப்புறம், நாலு வாரத்துக்கு மேல் குழாய் தேவைப்படும் என்றால் வயிற்றில் நேரடியாகப் போடுகிற பெக் குழாயைப் பற்றி யோசிப்பது வழக்கம். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது, அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, மாடிப்படியில் விழுந்து தலையில் ரத்தக்கட்டி, ஆபரேஷன் ஆகி ஐம்பது நாள். குழாயை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் குடித்தால் இருமுகிறார், காபி குடித்தாலும் அப்படித்தான். ஆனால் களி உருண்டையை மெல்லாமலே விழுங்கிவிடுகிறார், இருமல் இல்லை. அதனால் மூன்று வேளையும் களியே கொடுக்கலாமா என்று அம்மா கேட்கிறார்.
– வாசகர், காரிமங்கலம்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. இன்றைக்கே களியை நிறுத்துங்கள் தம்பி.

களி என்பது நமக்கு வெறும் சாப்பாடு இல்லை, தெரியும். துடுப்பு போட்டுக் கிண்டி, தண்ணீர் தொட்டு உருட்டி, கீரைக் கடைசலிலோ கருவாட்டுக் குழம்பிலோ புரட்டி அப்படியே தொண்டைக்குள் விடுவதுதான் ருசியே, மென்றால் வீட்டில் சிரிப்பார்கள். அந்த விழுங்கலுக்கு நாக்கு, மேலண்ணம், தொண்டை, மூச்சுக்குழாயின் மூடி எல்லாம் ஒரு நொடிக்குள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். அப்பாவுக்கு அந்த ஒழுங்கு கெட்டிருக்கிறது என்பதற்குத் தண்ணீர் இருமலே சாட்சி. தண்ணீர் வேகமாக ஓடுவதால் மூடி மூடுவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் நுழைகிறது. களி மெதுவாகப் போகிறது, அதனால் இதுவரை தப்பித்தார். ஆனால் பிசுபிசுப்பான உருண்டை ஒன்று மூச்சுப்பாதையில் சிக்கினால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம்கூடக் கிடைக்காது.

இருமல் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையவும் முடியாது. தலைக்காயத்துக்குப் பிறகு தொண்டையின் உணர்ச்சி மந்தமாகியிருக்கும் சிலருக்குச் சாப்பாடு நுரையீரலுக்குள் போனாலும் இருமலே வராது. சாப்பிட்டபின் குரல் ஈரமாக, களகளவென்று கேட்கிறதா, அடிக்கடி காய்ச்சல் வருகிறதா, சாப்பாடு முடிய முக்கால் மணி நேரம் ஆகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் விழுங்கும் திறன் பரிசோதனை செய்ய வேண்டும். பேச்சுப் பயிற்சியாளருக்கும் விழுங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், அதே நாக்கு, அதே தொண்டை. ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

அதுவரைக்கும் கெட்டித்தன்மைதான் எல்லாம். உலகம் முழுக்க இதற்கு 0 முதல் 7 வரை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் 0, வழக்கமான சாப்பாடு 7. அப்பா எந்த எண்ணில் இருக்கிறார் என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இந்த நிலையில் இருப்பவர்களுக்குக் கட்டியில்லாத, ஸ்பூனைச் சாய்த்தால் சொட்டாமல் மெதுவாக மொத்தமாக வழுகி விழுகிற கூழ்தான் பாதுகாப்பு. சாதா ராகி மாவில் காய்ச்சிய கெட்டிக் கூழைத் தயிர் விட்டு மிக்ஸியில் அடித்தால் கிட்டத்தட்ட அந்தப் பதம் வரும். பென்னாகரம் அம்மாவுக்கு நான் சொன்ன முளைகட்டிய மாவு உங்களுக்கு ஆகாது, அது நீர்த்துப்போகும், உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். கடையில் கெட்டிப்படுத்தும் பவுடர் கிடைக்கிறது. மாவுச்சத்தில் செய்த பவுடராக இருந்தால் எச்சில் பட்ட ஸ்பூனை டம்ளரிலேயே போட்டு வைக்காதீர்கள், எச்சிலில் இருக்கும் நொதி அதை மறுபடி தண்ணியாக்கிவிடும்.

பலரும் தவறு செய்வது ரசம் சாதத்தில். மெத்தென்று இருக்கிறதே என்று நினைக்கிறோம், ஆனால் வாய்க்குள் போனதும் ரசம் தனியாக முன்னே ஓடும், சாதம் பின்னே நிற்கும். ஒரே வாயில் இரண்டு விதப் பதம் வருவது இவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். பருப்பைக் கடைந்து சாதத்தோடு மிக்ஸியில் ஒன்றாக அடித்து நெய் விட்டுக் கொடுப்பது நல்லது. மீன் கொடுக்க ஆசையாக இருந்தால் முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து மசித்துவிடுங்கள். சீசனில் நார் இல்லாத மாம்பழத்தை அடித்து வடிகட்டிய கூழ் அருமையாக இறங்கும், சர்க்கரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேராக உட்கார்ந்து, டி.வி.யை அணைத்துவிட்டு, டீஸ்பூனில் கொஞ்சமாக, ஒரு வாய் முழுதும் இறங்கியபிறகு அடுத்த வாய். அவர் வாய் திறந்து சிரித்துப் பேசும்போது ஊட்டாதீர்கள். முடிந்ததும் கன்னத்துக்குள் ஏதாவது ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பக்கம் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தெரியாமலே தங்கிவிடும். அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். இரண்டு வேளையும் பல் துலக்கிவிடுவதும் இதில் சேர்ந்ததுதான், அழுக்கு வாயின் கிருமி நுரையீரலுக்குள் இறங்கித்தான் நிமோனியா வருகிறது.

களி திரும்ப எப்போது? பரிசோதனையில் தேறினால், முதலில் தளர்வாக, சின்னதாக, மென்று. மென்று சாப்பிட அப்பாவைச் சம்மதிக்க வைப்பது உங்கள் அம்மாவின் பொறுப்பு, எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

கேள்வி: தலைக்கு அடிபட்டதால் மூளைக்குப் பலம் வேண்டும் என்று வாரம் மூன்று நாள் ஆட்டு மூளை வறுத்துக் கொடுக்கிறோம். வல்லாரை, வால்நட், மீன் எண்ணெய் மாத்திரை எல்லாம் உண்டு. தையல் ஆறும் வரை முட்டை, மீன், கத்தரிக்காய் கொடுத்தால் சீழ் வைக்கும் என்று நிறுத்தி வைத்திருக்கிறோம். சரிதானா?
– வாசகி, அரூர்

பதில்: கொடுக்கக்கூடாததைக் கொடுத்து, கொடுக்க வேண்டியதை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூளையைத் தின்றால் மூளை வளரும் என்றால் நாம் எல்லோரும் ஈரல் தின்று ஈரலாகவே ஆகியிருப்போம். ஆட்டு மூளையில் கொலஸ்ட்ரால் மிக அதிகம், மாதம் ஒரு நாள் ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம், வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். வால்நட் மூளை மாதிரி இருப்பது தற்செயல், நல்ல பருப்புதான், ஆனால் அந்தக் காசுக்கு வேர்க்கடலை வாங்கினால் புரதம் அதைவிட அதிகம் (விழுங்குவதில் சிரமம் இருந்தால் இரண்டையுமே முழுசாகக் கொடுக்காதீர்கள்). வல்லாரையைக் கீரையாகச் சமைத்துச் சாப்பிடுவதில் தப்பில்லை, பொடி, லேகியம் என்று போனால் மாத்திரைகளோடு மோதலாம். மீன் எண்ணெய் மாத்திரை தலைக்காயத்தைக் குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களில் உறுதியான நிரூபணம் இதுவரை இல்லை. கூடவே ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

முட்டை, மீன் விஷயத்துக்கு வருகிறேன். சீழ் வைப்பது கிருமியால். தையல் கூடுவதற்குப் புதுத் தோலும் சதையும் வேண்டும், அவை புரதத்தால் ஆனவை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. பத்தியம் என்று அதை நிறுத்திவிட்டு ரசமும் சுட்ட அப்பளமுமாகக் கொடுத்தால் தையல் ஆறுவது தள்ளித்தான் போகும். அவருக்கே குறிப்பிட்ட ஒன்று ஒவ்வாமை என்று முன்பே தெரிந்திருந்தால் அதை மட்டும் விடுங்கள். கத்தரிக்காய் பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள்.

கேள்வி: தம்பிக்குப் பிட்ஸ் வரக்கூடாது என்று ஃபெனிடாயின் மருந்து கொடுத்திருக்கிறார்கள். மூக்குக் குழாயில் பாலோடு சேர்த்தே விட்டுக்கொண்டிருந்தோம். போன வாரம் மறுபடி பிட்ஸ் வந்துவிட்டது. ரத்தத்தில் மருந்தின் அளவு குறைவாக இருக்கிறது என்றார்கள். மருந்து தவறவில்லையே?
– வாசகர், ஓசூர்

பதில்: குழாய் உணவோடு சேரும்போது இந்த ஒரு மருந்து சரியாக உடம்பில் ஏறாமல் போவது பழைய தலைவலி. வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் நீங்கள் கொடுத்த விதம்தான் முதல் சந்தேகம். மருந்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னும், அதே அளவு பின்னும் உணவை நிறுத்தி, நடுவில் மருந்தைத் தனியாக விட்டுத் தண்ணீரில் அலசுவது பல இடங்களில் வழக்கம். சிரப் என்றால் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் மருந்தெல்லாம் அடியில் தங்கி மேலே வெறும் இனிப்புத் தண்ணீர்தான் வரும். எத்தனை மணி இடைவெளி என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் உணவு நிற்கிற அந்த மணி நேரங்களை மற்ற வேளைகளில் ஈடுகட்ட வேண்டும், இல்லையென்றால் மருந்துக்காகச் சாப்பாடு குறைந்து தம்பி இளைப்பார். உணவை மாற்றினால் மருந்தின் அளவும் மாறலாம், அதனால் எதைச் செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், நீங்களாக மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

மாதக்கணக்கில் இந்த மருந்து எடுத்தால் வைட்டமின் டி-யும் ஃபோலேட்டும் குறையும், எலும்பு மெலியும். ராகியில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பது இங்கே கைகொடுக்கும். ஈறு வீங்கும், பல் துலக்குவதைச் சோம்பல் படாமல் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 44, ஆறு மாதத்துக்கு முன் பஸ் பிரேக் போட்டதில் பின்மண்டை அடிபட்டது. எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் வாசனையே தெரியவில்லை. சாப்பாடு சாம்பல் மாதிரி இருக்கிறது. என் சமையலில் உப்பு ஏறிவிட்டது என்று பிள்ளைகள் திட்டுகிறார்கள். அழுகைதான் வருகிறது.
– வாசகி, பாலக்கோடு

பதில்: அழுங்கள், தப்பில்லை. 'உயிர் பிழைத்ததே பெரிசு, வாசனை போனால் என்ன' என்று யாராவது சொன்னால் அவர்களை ஒரு வாரம் மூக்கை அடைத்துக்கொண்டு சாப்பிடச் சொல்லுங்கள்.

வாசனை நரம்புகள் மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி இருக்கிற ஒரு மெல்லிய எலும்பின் ஓட்டைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. பின்மண்டையில் அடி விழுந்து மூளை முன்னும் பின்னும் ஆடும்போது அந்த மெல்லிய இழைகள் அறுந்துவிடும். நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மாதிரி சில ருசிகள்தான் தெரியும், நாம் ருசி என்று சொல்கிற மீதி எல்லாம் மூக்கு செய்கிற வேலை. சிலருக்கு, பெரும்பாலும் முதல் வருடத்துக்குள், ஓரளவு திரும்புகிறது, சிலருக்கு இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். ரோஜா, தைல மரம், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நாலு வாசனைகளைக் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக அரை நிமிடம் போல முகர்ந்து, அந்த வாசனையை நினைவுக்குக் கொண்டுவரும் பயிற்சி ஒன்று இருக்கிறது, மாதக்கணக்கில் செய்ய வேண்டும். எல்லோருக்கும் பலிக்காது, ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை.

சமையலில், மூக்கு போனாலும் காரத்தின் எரிச்சல், புளிப்பின் கூச்சம், மொறுமொறுப்பு, சூடு, குளிர்ச்சி இதெல்லாம் வேறு நரம்பு வழியாக வருவதால் தப்பித்திருக்கும். உங்கள் பக்கத்துப் புளியைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்ட குழம்பு, எலுமிச்சை பிழிந்த சுண்டல், சில்லென்ற தயிர்ப் பச்சடியில் கடித்தால் நறுக்கென்று உடைகிற வெள்ளரிக்காய், இப்படித் தேடுங்கள். உப்பைக் கையால் போடாமல் ஸ்பூனால் அளந்து, பழைய அளவைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள், சந்தேகம் வந்தால் பிள்ளைகளே ருசி பார்க்கட்டும்.

ருசியைவிட எனக்குப் பயம் கேஸ் அடுப்பு. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் சிலிண்டரில் அந்த நாற்றத்தையே சேர்க்கிறார்கள், உங்களுக்கு அது இனி எச்சரிக்காது. கசிவைச் சொல்லும் அலாரம் கருவி ஒன்று வாங்கி மாட்டுங்கள், கேஸ் காற்றைவிடக் கனம், அதனால் தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில். இரவு ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். மீந்த குழம்பில் தேதி எழுதி வையுங்கள், பால் திரிந்ததா, மீன் கெட்டதா என்று இன்னொருவர் மூக்கை நம்புங்கள். சாப்பிடப் பிடிக்காமல் எடை குறைகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகனுக்கு 24 வயது. விபத்துக்குப் பிறகு எந்நேரமும் பசி பசி என்கிறான். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் 'நீ எனக்குச் சோறே போடலை' என்று சண்டை. எட்டு மாதத்தில் 14 கிலோ ஏறிவிட்டான். பெற்ற பிள்ளைக்குச் சோறு இல்லை என்று எப்படிச் சொல்வது?
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: அவன் பொய் சொல்லவில்லை, சண்டைக்கும் வரவில்லை. சாப்பிட்ட ஞாபகமே இருக்காது. போதும் என்று நிறுத்துகிற வேலை மூளையின் முன்பகுதியிலும், பசியைக் கட்டுப்படுத்துகிற வேலை அடியிலிருக்கிற ஹைப்போதலாமஸிலும் நடக்கிறது. அங்கே அடிபட்டால் வயிறு நிறைந்த செய்தி போய்ச் சேராது. மருந்தும் காரணமாகலாம், பிட்ஸுக்கான வால்ப்ரோயேட் மருந்து எடுப்பவர்களுக்குப் பசி கூடி எடை ஏறுவது சகஜம். பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டாலும் எடை ஏறும், சோர்வும் இருந்தால் ஹார்மோன் பரிசோதனை கேளுங்கள்.

இல்லை என்று சொல்லாமல் சமாளிக்கிற வழிகளைத்தான் நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வேன். சாப்பிட்டதும் சமையலறைச் சுவரில் இருக்கிற பலகையில் அவனையே 'மதியம் 1 மணி, சாப்பிட்டேன்' என்று எழுதவிடுங்கள், சண்டை வரும்போது நீங்கள் வாதாட வேண்டாம், பலகையைக் காட்டினால் போதும். தட்டில் போட்டு எடுத்து வாருங்கள், குண்டானை முன்னால் வைக்காதீர்கள். மிக்சர், பிஸ்கட் டப்பா கண்ணில் படவே கூடாது, வீட்டில் இல்லாமலே இருந்தால் இன்னும் நல்லது, மற்றவர்களும் கொஞ்ச நாள் தியாகம் செய்ய வேண்டியதுதான். மூன்று பெரிய சாப்பாட்டுக்குப் பதில் ஐந்து சின்னதாக, மணி அடித்த மாதிரி ஒரே நேரத்தில். கொள்ளு சுண்டல், கீரை, சாமைச் சோற்றோடு இரண்டு பங்கு காய், மோர் என்று வயிற்றை அடைக்கிற, கலோரி குறைந்த பொருளாகக் கொடுங்கள். வேகமாக விழுங்குகிறானா என்றும் பாருங்கள், இவர்கள் அவசரத்தில் விக்கிக்கொள்வார்கள். தெருவில் இருக்கிற டீக்கடையிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், பாவம் என்று போண்டா கொடுக்கிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாமனாருக்குச் சோடியம் குறைந்து உப்பு மாத்திரை கொடுத்தார்கள். அவருக்குப் பி.பி.யும் இருக்கிறது. வீட்டில் உப்பைக் கூட்டுவதா, குறைப்பதா?
– வாசகி, சூளகிரி

பதில்: நீங்களாக இரண்டையும் செய்யாதீர்கள். சோடியம் 135-லிருந்து 145 வரை இருக்க வேண்டும். தலைக்காயத்தில் அது குறைய முக்கியமான இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்றில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இன்னொன்றில் சிறுநீர் வழியாக உப்பு வெளியேறும், அதற்கு உப்பும் நீரும் கொடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் எண் ஒன்றுதான், வைத்தியம் நேரெதிர். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு போய் உப்பு மாத்திரை இன்னும் வேண்டுமா, தண்ணீர் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். திடீர்க் குழப்பம், வாந்தி, தூக்கக் கலக்கம், பிட்ஸ் வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். பி.பி. பார்க்க ஒவ்வொரு முறையும் அவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள், இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அடிபட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது. ஊர்த் திருவிழாவுக்கு ஒரே ஒரு பெக் போடலாமா?
– வாசகர், மத்தூர்

பதில்: வேண்டாம். பிட்ஸை வரவழைக்கும், மாத்திரையோடு சேர்ந்து மயக்கிப்போடும், தடுமாற்றத்தில் மறுபடி விழுந்தால் இரண்டாவது அடி முதல் அடியைவிட மோசமாகலாம். முன்பு தினமும் குடித்தவராக இருந்தால் வைட்டமின் பி1 குறைந்திருக்க வாய்ப்பு உண்டு, அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரை கொடுப்பார். திருவிழாவில் கறிக்குழம்பு இருக்கும், அதில் இரண்டு துண்டு கூடப் போட்டுக்கொள்ளுங்கள்.